லேப்டாப்பில் ஃபயர்வயர் கார்டு: ஒலிப்பதிவில் விழுந்த வெடிப்பைத் தேடிப் பிடித்த அனுபவம்

கச்சேரிகளை நேரில் போய் ஒலிப்பதிவு செய்பவர்களில் பலர் இன்னமும் ஃபயர்வயர் ஆடியோ இன்டர்ஃபேஸ்தான் (மைக் ஒலியை டிஜிட்டலாக்கி, ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கேபிள் வழியாகக் கணினிக்கு அனுப்பும் பெட்டி) வைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான். எட்டு மைக்கைச் செருகலாம், ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்கும் பகுதி) சுத்தமாக இருக்கும், செகண்ட் ஹேண்டில் வாங்கினால் இதே தரமுள்ள புதுப் பெட்டியின் விலையில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் அதை லேப்டாப்போடு இணைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நிறையப் பேர் பெட்டிமேல் பழியைப் போட்டு வந்த விலைக்கு விற்றுவிடுகிறார்கள். நல்ல கருவிகள் இப்படி வீணாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் லேப்டாப்பில் எக்ஸ்பிரஸ்கார்டு (பக்கவாட்டுத் துளையில் செருகும் சிறு கார்டு) போட்டு, டிரைவர் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) மோதலைத் தீர்த்து, பதிவை ஒழுங்குக்குக் கொண்டுவந்த விதத்தை அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். ஃபயர்வயர் இல்லாதவர்களுக்கும் பயன்படும். லேப்டாப்பில் கூடுதலாக எந்தக் கார்டைச் செருகினாலும் தேடும் முறை ஏறக்குறைய இதேதான்.

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழாவில் நாதசுரம் பதிவு செய்தபோதுதான் குறை வெளிப்பட்டது. இரண்டு நாதசுரம், இரண்டு தவில், தாளம், சுருதிப்பெட்டி. தவில் முழங்கும் இடத்தில் எதுவும் தெரியவில்லை. பதிவைப் போட்டுக் காட்டியபோது முதலில் பிடித்தவர் நாதசுர வித்வான்தான். "தம்பி, சுருதிக்குள்ள ஏதோ வெடிக்குது பாருங்க, ஆலாபனையில கேளுங்க" என்றார். காதில் ஹெட்ஃபோனை மாட்டி ஆலாபனைக்குப் போனேன். 'டிக்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், வழவழப்பாகப் போகும் கோடு ஒரு இடத்தில் வெட்டுப்பட்டு, சில சாம்பிள்கள் (ஒலியை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து எடுத்த துளிகள்) காணாமல் போய், வேறு உயரத்திலிருந்து தொடர்ந்தது. மைக்கிலோ வயரிலோ குறை என்றால் ஒரு தடத்தில்தான் வரும். இது எட்டுத் தடங்களிலும் ஒரே நொடியில் இருந்தது. அப்படியென்றால் கோளாறு கணினிக்குள் நுழையும் வழியில்தான்.

அன்றிலிருந்து சோதனைக்குச் சுருதிப்பெட்டியை மட்டும்தான் பதிவு செய்கிறேன். ஒரே சீராக ஒலிக்கும் சுருதியில் ஒரு சாம்பிள் தவறினாலும் காது பிடித்துவிடும். பாட்டையோ தாளத்தையோ வைத்துச் சோதித்தால் பாதி வெடிப்புகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

முதலில் எல்லாருக்கும் தோன்றுவது, லேப்டாப்புக்கு வேகம் போதவில்லை, ராம் கூட்ட வேண்டும் என்பது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், எட்டுத் தடம் என்றால் விநாடிக்கு இரண்டு மெகாபைட்டுக்குள்தான் வரும். ஃபயர்வயர் 400 ஏறத்தாழ 50 மெகாபைட் வரை சுமக்கும். அளவு ஒரு பொருட்டே இல்லை, நேரம்தான் விஷயம். ஃபயர்வயரில் ஒலி 125 மைக்ரோ செகண்டுக்கு ஒரு பொட்டலமாக, விநாடிக்கு 8000 தடவை வந்துகொண்டே இருக்கும். பஃபரை, அதாவது ஒலி வந்து சேரும் தற்காலிகத் தொட்டியை, 256 சாம்பிள் என்று வைத்தால் 5.3 மில்லி செகண்டுக்குள் கணினி வந்து அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் வேறு ஒரு டிரைவர் பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொண்டால் பொட்டலம் தவறிப்போகும். பிராசஸர் பயன்பாடு பத்து சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். யார் பிடித்து வைக்கிறார்கள் என்பதுதான் முழுத் தேடலும்.

என் லேப்டாப்பில் ஃபயர்வயர் கூடவே வந்தது, சின்ன நான்கு பின் சாக்கெட். அதில் மின்சாரம் வராது, டேட்டா மட்டும்தான். அதை இயக்கும் கன்ட்ரோலர் சிப், இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளர் பரிந்துரைத்த பட்டியலில் இல்லை. ஆடியோ பெட்டி செய்யும் பெரும்பாலான நிறுவனங்கள் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) சிப் உள்ள கன்ட்ரோலரைத்தான் பரிந்துரைத்தன. லேப்டாப்பின் பக்கவாட்டில் எக்ஸ்பிரஸ்கார்டு துளை இருந்ததால், அந்தச் சிப் உள்ள கார்டு ஒன்றைப் போடலாம் என்று முடிவு செய்தேன்.

எக்ஸ்பிரஸ்கார்டு 2003-இல் வந்த தரம். அதற்கு முன்னால் இருந்த பிசிஎம்சிஐஏ, கார்டுபஸ் கார்டுகளின் இடத்தைப் பிடித்தது. புதியதும் பழையதும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பழைய கார்டுபஸ் கார்டை இந்தத் துளையில் திணிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் கனெக்டர் கெடலாம். எக்ஸ்பிரஸ்கார்டில் 34 மி.மீ., 54 மி.மீ. என்று இரண்டு அகலம் உண்டு. 54 துளையில் 34 கார்டு போகும், ஆனால் ஒரு பக்கம்தான் பிடிமானம். மறுபக்கம் காலியாக இருப்பதால் ஃபயர்வயர் கேபிளின் கனத்துக்கே கார்டு ஆடும். அந்த ஆட்டத்தில் ஒரு கணம் தொடர்பு விட்டால் விண்டோஸுக்கு அது கார்டை உருவிவிட்டது போலத்தான் தெரியும். டிரைவர் மோதல் என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்வது உண்மையில் இந்த ஆட்டமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். காலி இடத்துக்குத் தடித்த அட்டையை அளவாக வெட்டிச் செருகி, கேபிளை லேப்டாப் ஓரத்தில் டேப் போட்டு நிறுத்தினேன். மென்பொருளில் கை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது.

கார்டு வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். கடைகளில் கேட்டால் எல்லாரும் "டிஐ சிப்புதான் சார்" என்பார்கள். அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதையும் நம்ப முடியாது. ஒரே மாடல் பெயரில், இருப்பில் கிடைத்த சிப்பைப் போட்டு வரும் கார்டுகள் உண்டு. "அண்ணே, ஒரு தடவை செருகிப் பாத்துட்டு வாங்கிக்கறேன்" என்று கேட்டு, லேப்டாப்பை அங்கேயே திறந்து பார்த்துத்தான் வாங்கினேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் கார்டின் வரியை ரைட் கிளிக் செய்து, ப்ராபர்டீஸ், டீட்டெயில்ஸ், அதில் ஹார்டுவேர் ஐடி. 'வென்' என்பதற்குப் பின்னால் வரும் நான்கு இலக்கம்தான் சிப் தயாரிப்பாளரின் அடையாளம். 104சி என்றால் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ். 1106 என்றால் வியா, 197பி என்றால் ஜேமைக்ரான். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் இந்த எண் பொய் சொல்லாது. டிரைவரே இல்லாமல் மஞ்சள் குறியோடு நிற்கும் கார்டிலும் இதைப் படிக்க முடியும் என்பதால், பெயர் தெரியாத எந்தக் கார்டுக்கும் சரியான டிரைவரைத் தேட இதுதான் முதல் பிடி.

வீட்டுக்கு வந்து இன்டர்ஃபேஸை கார்டில் இணைத்தபோது நிலைமை முன்பைவிட மோசமானது. பெட்டி ஒரு முறை தெரியும், மறுமுறை தெரியாது. பதிவு மென்பொருளை மூடும்போது விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை. டிவைஸ் மேனேஜரில் பார்த்தால் இரண்டு ஃபயர்வயர் கன்ட்ரோலர்கள், ஒன்று பழையது, ஒன்று கார்டு. இரண்டுக்கும் விண்டோஸ் 7 தானாகவே தன் புது டிரைவரைப் போட்டிருந்தது. இன்டர்ஃபேஸின் டிரைவரோ, முன்பு பழைய சாக்கெட்டில் இணைத்திருந்த நினைவிலேயே இருந்தது. அதே பெட்டி இன்னொரு வழியாக வந்ததும் அதை இரண்டாவது பெட்டியாகப் பதிந்துகொண்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. விண்டோஸ் 7-இல் ஃபயர்வயர் கன்ட்ரோலருக்கு இரண்டு டிரைவர்கள் உள்ளேயே இருக்கின்றன. புதியதன் கோப்புப் பெயர் '1394ஓஹெச்சிஐ', பழையதன் பெயர் 'ஓஹெச்சிஐ1394'. எண் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது மட்டும்தான் வேறுபாடு. அவசரமாகப் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா காலத்தில் எழுதப்பட்ட ஆடியோ டிரைவர்கள் பழைய கோப்பின் நடத்தையை நம்பி எழுதப்பட்டவை. அதனால்தான் மைக்ரோசாஃப்ட் 'லெகசி' என்ற பெயரில் பழையதையும் உள்ளேயே வைத்திருந்தது. அதற்கு மாற வேறெதையும் டவுன்லோட் செய்ய வேண்டியதில்லை. கன்ட்ரோலரை ரைட் கிளிக், அப்டேட் டிரைவர், கணினியிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன், அங்கே 'லெகசி' என்று முடியும் வரி. முடிந்ததும் டிரைவர் டீட்டெயில்ஸைத் திறந்து கோப்புப் பெயரைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஆனால் அதை மட்டும் மாற்றினால் போதவில்லை. ஒரு கன்ட்ரோலர் புதியதிலும் இன்னொன்று பழையதிலுமாக ஒரே கணினியில் இரண்டு குடித்தனம் நடந்தது. கழற்றிய ஒவ்வொரு இணைப்பின் சுவடும் விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கியிருந்தது. அதனால் இந்த வரிசையில் செய்தேன். இன்டர்ஃபேஸின் டிரைவரை முழுவதும் அன்இன்ஸ்டால் செய்தேன். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் லேப்டாப்பின் சொந்த ஃபயர்வயரை அணைத்தேன். பயாஸில் அணைத்தால் விண்டோஸுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. சில லேப்டாப்புகளின் பயாஸில் அந்த வசதி இருக்காது, அவர்கள் டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்தால் போதும். அன்இன்ஸ்டால் செய்யாதீர்கள், அடுத்த ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் அதைத் தேடிப்பிடித்துத் திரும்பப் போட்டுவிடும்.

அடுத்து பேய்களை விரட்டும் வேலை. இப்போது இணைப்பில் இல்லாத சாதனங்களைக் காட்ட, விண்டோஸ் 7-இல் 'டெவ்எம்ஜிஆர் ஷோ நான்பிரசன்ட் டிவைசஸ்' என்ற சூழல் மாறியை (என்விரான்மென்ட் வேரியபிள்), சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டு, மதிப்பு 1 என்று வைக்க வேண்டும். பிறகு டிவைஸ் மேனேஜரில் ஷோ ஹிடன் டிவைசஸ். மங்கலான எழுத்தில் வரிசையாக வந்து நின்றன: முன்பு பயன்படுத்திய வேறு ஒரு ஆடியோ பெட்டி, இதே இன்டர்ஃபேஸின் பழைய பதிவுகள், கடையில் செருகிப் பார்த்த கார்டுகள். ஃபயர்வயரோடு தொடர்புள்ள மங்கல் வரிகளை மட்டும் ஒவ்வொன்றாக நீக்கினேன். மற்றவற்றைத் தொடாமல் விடுவது நல்லது, விண்டோஸுக்கே தேவையான சில மெய்நிகர் சாதனங்களும் மங்கலாகத்தான் தெரியும். கமாண்ட் ப்ராம்ப்டில் 'பிஎன்பியூட்டில்' கருவியைக் கொண்டு, பழைய பெட்டியின் டிரைவர் பொட்டலத்தையும் எடுத்தேன். இதைச் செய்யாவிட்டால் விண்டோஸ் தன் கிடங்கிலிருந்து அதே பழைய பதிப்பை மறுபடி எடுத்துப் போட்டுக்கொண்டே இருக்கும்.

பிறகு கணினியை முழுதாக அணைத்து, கார்டைச் செருகி, பூட் செய்து, லெகசி டிரைவர் நிற்கிறதா என்று பார்த்து, கடைசியில்தான் இன்டர்ஃபேஸின் டிரைவரை இன்ஸ்டால் செய்தேன். நீலத்திரை போயிற்று. பெட்டி ஒவ்வொரு முறையும் தெரிந்தது. கண்டபடி விழுந்துகொண்டிருந்த வெடிப்புகளும் போயின.

ஆனால் ஒன்று மிச்சம் இருந்தது. சுருதிப்பெட்டியை நீண்ட நேரம் பதிவு செய்து கேட்டால், ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு 'டிக்'. அலைவடிவத்தில் குறி போட்டுப் பார்த்தால் இடைவெளி ஏறத்தாழ சமமாக இருந்தது. இந்த ஒழுங்குதான் எனக்கு வழி காட்டியது. தளர்ந்த இணைப்போ சூடோ காரணமாக இருந்தால் இவ்வளவு ஒழுங்காக வராது. மணி பார்த்து வேலை செய்யும் ஏதோ ஒன்றுதான் இதற்குக் காரணம். விண்டோஸ் 7-இல் வைஃபை சேவை, பக்கத்தில் வேறு நெட்வொர்க் இருக்கிறதா என்று நிமிடத்துக்கு ஒருமுறை தேடிப் பார்க்கும் வழக்கம் உள்ளது.

லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிராசஸரைப் பிடித்து வைத்தது என்று கோப்புப் பெயரோடு காட்டும். கால் மணி நேரமாவது ஓடவிட வேண்டும், இரண்டு நிமிடத்தில் எல்லாம் பச்சையாகத்தான் இருக்கும். பட்டியலில் மேலே வந்து நின்றது நெட்வொர்க் டிரைவர்தான். டிவைஸ் மேனேஜரில் வியூ, ரிசோர்சஸ் பை டைப் போய் ஐஆர்க்யூ (சாதனம் பிராசஸரை அழைக்கும் வழி) பட்டியலை விரித்தால் 17 என்ற எண்ணுக்கு எதிரே ஃபயர்வயர் கார்டு, அதற்கு அடுத்த வரியிலும் 17, அங்கே வைஃபை. கார்டும் வைஃபையும் ஒரே அழைப்பு மணியில். மணி அடித்தால் இரண்டு டிரைவர்களும் வரிசையாக எழுந்து, என்னையா கூப்பிட்டார்கள் என்று பார்க்க வேண்டும். முதலில் எழுந்தவர் தாமதித்தால் இரண்டாமவரின் பொட்டலம் போயிற்று. பட்டியலில் கழித்தல் குறியோடு வரும் எண்கள் தனி மணி உள்ளவை, அவற்றால் இந்தத் தொல்லை இல்லை.

டெஸ்க்டாப் என்றால் கார்டை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் ஐஆர்க்யூ மாறும். லேப்டாப்பில் எக்ஸ்பிரஸ்கார்டு துளை ஒன்றுதான், எந்த மணி என்பது போர்டிலேயே எழுதப்பட்ட விதி. மாற்ற முடிவது பக்கத்து வீட்டுக்காரரை மட்டும்தான். பதிவு தொடங்கும் முன் வைஃபை அடாப்டரை டிவைஸ் மேனேஜரில் டிசேபிள் செய்கிறேன். கீபோர்டில் இருக்கும் வைஃபை பட்டனை அணைத்தால் ரேடியோ மட்டும்தான் அணையும், டிரைவர் உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கும். டிசேபிள் செய்த அன்றே அந்த நிமிட 'டிக்' ஒழிந்தது.

இன்னும் சில இடங்களையும் சரி செய்து வைத்தேன். பவர் ஆப்ஷன்ஸில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற தலைப்பின்கீழ் லிங்க் ஸ்டேட் பவர் மேனேஜ்மென்ட் ஆஃப். கார்டு சும்மா இருக்கும் மில்லி செகண்டுகளில் இணைப்பைத் தூங்க வைத்து எழுப்பும் வசதி அது, பதிவு செய்பவர்களுக்கு ஆகாது. ஸ்லீப்பும் ஆஃப், ஏனென்றால் தூங்கி எழுந்த லேப்டாப்பில் எக்ஸ்பிரஸ்கார்டு எழுந்திருக்க மறுப்பது சாதாரணம். சில லேப்டாப்புகளில் பேட்டரி அளவைப் படிக்கும் ஏசிபிஐ டிரைவரும் சில விநாடிகளுக்கு ஒருமுறை தடங்கல் செய்யும். லேட்டன்சிமானில் அதன் பெயர் வந்தால், சார்ஜரில் ஓடும்போது மட்டும் அந்த பேட்டரி சாதனத்தை டிசேபிள் செய்து பார்க்கலாம். அப்போது பேட்டரி தீரப்போகும் எச்சரிக்கை வராது. கோயில் ஜெனரேட்டரை நம்பிப் பதிவு செய்யும் இடத்தில் நான் அதைச் செய்வதில்லை.

இவற்றில் எதையும் ஒரே மூச்சில் மாற்றாதீர்கள் என்று அழுத்திச் சொல்வேன். ஒன்றை மாற்றி, சுருதிப்பெட்டியைப் பதிவு செய்து கேட்டு, நோட்டில் எழுதி, பிறகு அடுத்தது. ஐந்தை ஒன்றாக மாற்றிச் சரியாகிவிட்டால் எது சரி செய்தது என்று தெரியாது, அடுத்த முறை கெடும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மஞ்சள் குறி வந்தால் அதோடு வரும் பிழைக் குறியீட்டு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். 28 என்றால் டிரைவரே போடவில்லை. 10 என்றால் டிரைவர் இருந்தும் சாதனம் தொடங்கவில்லை. 12 என்றால் அதற்குத் தேவையான ரிசோர்ஸ் ஒதுக்க இடமில்லை, லேப்டாப்பில் பெரும்பாலும் கார்டைச் செருகிய நிலையிலேயே பூட் செய்து பார்க்க வேண்டிய அறிகுறி. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு.

மின்சாரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பிரஸ்கார்டு துளையில் வருவது 3.3 வோல்ட்டும் 1.5 வோல்ட்டும்தான். ஃபயர்வயர் கேபிள் வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் பெட்டிகளுக்கு அது போதாது. கார்டின் ஓரத்தில் டிசி துளை இருந்தால் தனி அடாப்டர் கொடுக்கலாம், இல்லாவிட்டால் பெட்டிக்கே அதன் சொந்த அடாப்டர் வேண்டும். பெட்டி தெரியவில்லை என்று டிரைவரைப் பிடித்து ஆட்டும் முன் இதைப் பாருங்கள். ஆறு பின் கேபிளில் மின்சாரம் ஓடும் நிலையில் செருகவும் உருவவும் கூடாது. தரப்படி அது அனுமதிக்கப்பட்டதுதான், ஆனாலும் சாக்கெட்டின் தகடு தளர்ந்திருந்தால் கேபிள் தலைகீழாகக்கூட நுழையும், ஒரு நொடியில் சிப் கருகிவிடும். நண்பர் ஒருவரின் இன்டர்ஃபேஸ் அப்படிப் போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன், வாசனைதான் முதலில் வந்தது. எல்லாவற்றையும் அணைத்து, கேபிளை மாட்டி, பெட்டியை ஆன் செய்து, கடைசியில் லேப்டாப். இந்த வரிசையை நான் மாற்றுவதே இல்லை.

விண்டோஸ் 8 முதல் லெகசி டிரைவர் உள்ளே வருவதில்லை. 8.1-க்காக மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாகக் கொடுத்தது, கேபி 2970191 என்ற எண்ணில். அதை இன்ஸ்டால் செய்தால் கோப்புகள் கணினிக்கு வந்துவிடும், ஆனால் தானாக மாறாது. மேலே சொன்ன அதே வழியில் பட்டியலிலிருந்து கையால் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 10-லும் பலர் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். பெரிய அப்டேட் எதுவும் வந்தால் டிரைவர் டீட்டெயில்ஸைத் திறந்து எண் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். புதியதற்குத் திரும்பியிருக்க வாய்ப்புண்டு.

என் லேப்டாப் விண்டோஸ் 7-லேயே இருக்கிறது. 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு நின்றுவிட்டதால் அதை இணையத்தில் இணைப்பதில்லை. பதிவுக்கு மட்டும்தான், கோப்புகளை வெளி டிஸ்க்கில் எடுத்து வேறு கணினியில் எடிட் செய்கிறேன். கார்டின் டிரைவர், இன்டர்ஃபேஸ் டிரைவர், பயாஸ் அமைப்பின் படங்கள், ஹார்டு டிஸ்க் முழுவதன் இமேஜ் (அப்படியே எடுத்த நகல்) எல்லாம் ஒரு பென்டிரைவில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் பழைய டிரைவர் பக்கங்களை எடுத்துக்கொண்டே வருகிறார்கள். உங்களிடம் இந்த மாதிரி பெட்டி ஓடும் நிலையில் இருந்தால், எந்தக் குறையும் இல்லாத இந்த நேரத்திலேயே அந்தக் கோப்புகளை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.